முகட்டுக் கயிற்றின் மறுமுனை

1. மூன்று நிபந்தனைகள்

தோட்ட மேஸ்திரியாக என் முதல் நாள், வீட்டுக்குள் நின்று வானத்தைப் பார்ப்பதில் தொடங்கியது. கொல்லிமலையில் வாசலூர்பட்டிக்கு மேலே ஒரு சரிவில், ஆரஞ்சும் மிளகும் வைத்த தோட்டம் அது. யுத்தம் வருவதற்கு முந்தைய காலம். மலைக்கு ரோடு கிடையாது. அடிவாரத்தில் காலையில் ஏறத் தொடங்கினால் உச்சிப்பொழுது தாண்டித்தான் மேலே வந்து சேரலாம். எனக்கு முன்னால் இருந்த மேஸ்திரி காய்ச்சல் கண்டு கீழே போனவர், திரும்பி வரவே இல்லை. ஆள் இல்லாமல் கிடந்த வீட்டில் கூரைப்புல் மக்கி உள்ளே விழுந்திருந்தது. மூங்கில் சட்டங்கள் மட்டும் மேலே மிச்சம்.

முதலாளி ராசிபுரத்துப் பக்கம் இருந்தார். மலை ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று என்னை ஏறச் சொன்னவர். "பங்குனி பொறக்கறதுக்குள்ள தோட்டம் தோட்டமா இருக்கோணும். ஊட்ட நீயே பாத்துக்க" என்று சொல்லி அனுப்பினார். அவரைக்கூடச் சமாளித்துவிடலாம். என்னை ஆட்டி வைத்தவர் என் மாமனார்.

ஆவணியில்தான் எனக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. அப்போது நான் கீழே ஒரு தென்னந்தோப்பில் வேலையில் இருந்தேன். சமவெளியில் வேலை பார்க்கும் மாப்பிள்ளை என்று நம்பித்தான் மாமனார் பாவாயியைக் கொடுத்தார். மலையில் மேஸ்திரி வேலை கிடைத்திருக்கிறது என்று நான் குதித்துக்கொண்டு போய்ச் சொன்னதும் மனுஷருக்கு முகம் இறுகிப் போய்விட்டது. பொங்கலுக்கு மகளை அழைத்துப் போனவர், திருப்பி அனுப்பவில்லை. எங்கள் பக்கத்து ஆட்களுக்குக் கோபம் வந்தால் மரியாதை கூடும். நான் போய்க் கேட்டபோது அவர் வாயில் ஒரு சொல்கூட 'ங்க' இல்லாமல் வரவில்லை.

"மாப்ளைங்க, நீங்க போங்க. நல்லாப் பொழையுங்க. ஆனாக்கா எம் பொண்ண அங்க அனுப்போணும்னா மூணு இருக்கோணுமுங்க. தலைக்கு மேல கூரை. வாசல்ல தண்ணி. கொல்லையில காய். பங்குனி பொறந்ததும் நானே வந்து பாக்கறேனுங்க. மூணுல ஒன்னு கொறஞ்சாலும் பாவாயி மலை ஏற மாட்டாளுங்க."

பாவாயி வாசலில் முறத்தில் எதையோ புடைத்துக்கொண்டிருந்தாள். நான் வெளியே வரும்போது தலையை நிமிர்த்தாமல் சொன்னாள்: "செடியப் பாத்தா உங்களுக்கு மத்ததெல்லாம் மறந்து போயிருமுங்க. கூரைய மறந்துராதீங்க." கல்யாணமாகி அரை வருஷம்கூட ஆகவில்லை. அதற்குள் என்னை எடை போட்டுவிட்டாள்.

2. நாற்றுக்குப் பந்தல்

இன்று மேஸ்திரி வேலைக்கு வருகிறவர்கள் கோடை வந்த பிறகுதான் கோடையை நினைக்கிறார்கள். மலையில் அது நடக்காது. இளவேனில் வருகிறது என்றால் தையிலேயே கையில் மண்வெட்டி இருக்க வேண்டும். பனி ஈரம் காய்வதற்குள் ஆரஞ்சு மரத்தடியில் பாத்தியைக் கொத்தி, எருப் போட்டு, சருகால் மூடிவிட வேண்டும். மாசியில் காற்று திரும்பினால் காட்டுத்தீ எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்று யாருக்கும் தெரியாது. ஆகவே தோட்டத்தைச் சுற்றி ஃபயர் லைன் வெட்டி, ஒரு புல் இல்லாமல் பெருக்கி வைக்க வேண்டும். மிளகுக் கொடி ஏறுவதற்குக் கல்யாண முருங்கைப் போத்து வெட்டி நட வேண்டும். கோடை மழை ஒன்று விழுந்தால் போதும், அது துளிர்த்துவிடும்.

இதையெல்லாம் நான் ஒழுங்காகச் செய்தேன். மாமனாரின் நிபந்தனைகளில் இரண்டை முடித்தேன். மேட்டில் சேறு மண்டிக் கிடந்த ஊற்றைத் தூர்வாரி, பிளந்த மூங்கிலை ஒன்றோடொன்று சேர்த்து வாசல் வரைக்கும் தண்ணீர் கொண்டுவந்தேன். வீட்டுக்குப் பின்னால் முள்வேலி கட்டி முள்ளங்கி, கீரை, கொத்தவரை போட்டேன். பூசணிக்கொடி வேலியைத் தாண்டி ஓடியது. நர்சரி பெட்டில் ஆரஞ்சு நாற்று வெயில் தாங்காதே என்று மூங்கில் நட்டு, தழை போட்டு, மழை கொட்டினாலும் சாயாத மாதிரி ஒரு பந்தலும் போட்டேன்.

கூரை மட்டும் பாக்கி. அது என் கையில் இல்லை. பக்கத்துக் காட்டில் சாமை விதைக்கிற வெள்ளையனிடம் தை மாசமே போய், கூலிக்கு ஆள் வேண்டும் என்று கேட்டிருந்தேன். பதில் சொன்னது அவர் மனைவி நல்லம்மா, யாரிடமும் பேச வாய் கூசாதவள்.

"கூலிக்கு மம்பட்டி புடிப்போமுங்க. கூலிக்குக் கூரை மேய மாட்டோமுங்க. நீங்க எங்கூட்டுக் கூரைக்கு வாங்க. நாங்க உங்கூட்டுக் கூரைக்கு வாரோம்."

அந்த ஊர் வழக்கம் அது. ஒரு வீட்டுக்கு ஊரே கூடி, பழைய புல்லைப் பிரித்து, இருட்டுவதற்குள் புதுப்புல் போட்டு முடித்துவிடுவார்கள். பிறகு அடுத்த வீடு. மாசி முழுக்க நானும் போனேன். கீழே நின்று புல்கட்டைத் தூக்கிக் கொடுப்பது என் வேலை. உச்சி வெயிலில் அண்ணாந்து பார்த்தால் கண்ணில் தூசிதான் விழும். மேலே யார் எதைக் கட்டுகிறார்கள் என்று நான் கவனிக்கவில்லை. ஊரில் எல்லோர் வீடும் பளபளவென்று ஆகிக்கொண்டு வந்தது. நான் தட்டுமுட்டுச் சாமான் வைக்கும் கிடங்கில் சுருண்டு படுத்தேன்.

"என் முறை எப்போ வருமுங்க?" என்று வெள்ளையனிடம் கேட்டேன்.

"பங்குனி நடுவுல வருமுங்க. புல்லு காயோணுமில்லீங்க" என்றார்.

மாமனார் பங்குனி பிறந்ததும் வருவார். இவர்கள் நடுவில் வருவார்கள். இந்தக் கணக்கு எப்படிப் போட்டாலும் உதைத்தது.

3. சோதனைக்கு வந்தவர்

சொன்ன மாதிரியே வந்தார். வெயில் சாயும் நேரம், தோளில் துண்டும் கையில் தடியுமாக வேலியோரம் வந்து நின்றார். நல்ல கனத்த உடம்பு. மலை ஏறி வந்ததில் சட்டை நனைந்திருந்தது. நான் ஓடிப்போய் வாங்க என்றேன். வந்தவர் உட்காரவில்லை. நேராக மூங்கில் குழாயடிக்குப் போய்க் கையேந்திக் குடித்தார். இன்னொரு தரம் குடித்தார். கொல்லைக்குப் போய் ஒரு முள்ளங்கியைப் பிடுங்கி, மண்ணைத் தட்டிக் கடித்தார். முகம் கொஞ்சம் இளகியது. எனக்கும் மூச்சு வந்தது.

பிறகு நர்சரியைப் பார்த்தார். பந்தல் காலை அசைத்துப் பார்த்தார். கடைசியாக வீட்டைப் பார்த்தார்.

"நாத்துக்கெல்லாம் நல்லாத்தான் பந்தல் போட்டிருக்கறீங்க மாப்ளைங்க. எம் பொண்ண நர்சரியிலயே குடி வெச்சரலாங்களா?"

நான் ஊர் வழக்கத்தைச் சொன்னேன், முறையைச் சொன்னேன், புல் காய வேண்டியதைச் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

"தப்பா நெனைக்காதீங்க. காலைல நான் எறங்கறேனுங்க. பாவாயி எங்கூட்லயே இருக்கட்டுங்க. மூணு சொன்னேன், ரெண்டு இருக்குது. அவ்வளவுதானுங்க."

எனக்கு அழுகை வந்தது என்பதைச் சொல்வதில் வெட்கமில்லை. ஆரஞ்சு மரத்துக்குத் தண்ணீர் விடுகிற சாக்கில் அந்தப் பக்கம் போய்விட்டேன்.

4. ஊர் வந்தது

காலையில் மாமனார் துண்டை உதறித் தோளில் போட்டு, தடியை எடுக்கக் குனிகிறார். சரிவில் பேச்சுச் சத்தம். பார்த்தால் வெள்ளையன் முன்னால் வருகிறார். பின்னால் ஆணும் பெண்ணுமாக ஊரே வருகிறது. ஒவ்வொருவர் தலையிலும் ஒரு புல்கட்டு.

"பங்குனி நடுவுலன்னு சொன்னீங்களேங்க" என்றேன்.

"உங்க மாமனார் நேத்து ஏறி வாரப்பக் காட்டுல எங்ககிட்டத்தான் வழி கேட்டாருங்க" என்றார் வெள்ளையன். "அவரே வந்துட்டாரு. அப்பறம் எதுக்குங்க காத்திருக்கோணும்? காஞ்ச புல்லு யார் யாரு ஊட்டுல இருந்துச்சோ அத எடுத்துட்டு வந்துட்டோம்."

மாமனார் வந்ததற்கும் கூரைக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்குப் புரியவில்லை. கேட்கவும் இல்லை. வருகிற லட்சுமியை ஏன் வந்தாய் என்றா கேட்பார்கள். மாமனார் பாடுதான் தர்மசங்கடம். ஊரே வேலைக்கு வந்து நிற்கும்போது சம்பந்தி வீட்டு ஆள் தடியை ஊன்றிக்கொண்டு கிளம்ப முடியுமா. பலாமரத்தடியில் போய் உட்கார்ந்துகொண்டார், விருந்துக்கு வந்து இலை கிடைக்காத ஆளைப்போல.

இற்றுப்போன மூங்கிலை மாற்றினார்கள். கீழ்வரிசையிலிருந்து புல்லை அடுக்கிக் கற்றாழை நாரால் கட்டிக்கொண்டே மேலே போனார்கள். நல்லம்மா அடுப்பு மூட்டிக் களி கிண்டினாள். பிற்பகலில் கிழக்கே இருட்டிக்கொண்டு வந்தது. கோடையின் முதல் மழை. மலையில் அது தூறலாக வராது. ஆலங்கட்டியோடு வரும்.

இரண்டு பக்கமும் புல் ஏறி முடிந்தது. நடுவில் முகடு மட்டும் திறந்திருந்தது. அதன்மேல் கனத்த புல்லைச் சேணம் மாதிரி மடித்துப் போட்டு, கயிற்றை இறுக்கிக் கட்டினால் வேலை தீர்ந்தது. அந்த நேரம் பார்த்து மேலே இருந்தவர்கள் எல்லோரும் ஒவ்வொருவராக இறங்கிவிட்டார்கள். கயிறு முகட்டில் தொங்கியது. முதல் இடி இடித்தது.

"ஏனுங்க, முகட்ட மூடலீங்களா?" என்றேன்.

வெள்ளையன் என்னைப் பார்க்கவில்லை. பலாமரத்தடிக்குப் போய் என் மாமனாருக்கு முன்னால் நின்றார்.

"வாங்க. உங்க வேலைக்குத்தான் நிக்கறோமுங்க."

மாமனார் விழித்தார். "எனக்கென்னங்க வேலை?"

"முகட்டுக் கயித்த ஒரு பக்கம் ஊட்டுக்காரரு புடிக்கோணும். மறுபக்கம் பொண்ணு குடுத்த ஊட்டு ஆளு புடிக்கோணும். வேற ஆரும் தொடமாட்டோமுங்க. அதுக்குத்தான் நீங்க மலை ஏறி வந்திருக்கறீங்கன்னு நெனச்சு ஊரையே கூட்டியாந்தேன்."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. மாமனாருக்கும் புரிந்தது. அவர் எதற்காக வந்தார் என்பது எங்கள் இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும். என்னைப் பார்த்தார். நான் முகட்டுக் கயிற்றைப் பார்த்தேன். அவ்வளவு பேர் நிற்கும்போது, பெண்ணை அனுப்ப மாட்டேன் என்று சொல்ல வந்தேன் என்று எந்தத் தகப்பன் சொல்வார்?

"நான் கூரை ஏறி ரொம்ப நாளாச்சுங்க. ஒடம்பும் கனம்" என்று இழுத்தார்.

நல்லம்மா அகப்பையோடு எழுந்து வந்தாள். "மலையே ஏறி வந்துட்டீங்க. கூரை பெருசுங்களா? பொண்ணக் குடுத்தவரு நீங்கதானுங்களே? பின்ன ஆரு ஏறுவாங்க?"

மாமனார் துண்டை இடுப்பில் வரிந்து கட்டினார்.

5. முகட்டில்

ஏணியை நாலு பேர் பிடித்துக்கொண்டார்கள். அவர் அந்தச் சரிவிலும் நான் இந்தச் சரிவிலுமாகக் குப்புறப் படுத்த மாதிரி ஏறி, முகட்டுக்கு மேல் முகத்தோடு முகம் பார்த்தோம். மாமனாரை அவ்வளவு பக்கத்தில் அதற்கு முன்னும் நான் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. பயத்தில் மூக்கு வியர்த்திருந்தது. புல்லை மடித்துப் போட்டுக் கயிற்றைக் குறுக்கே வீசினேன். பிடித்துக்கொண்டார்.

காற்று பலமாக அடித்தது. நாங்கள் பேசுவது கீழே கேட்காது.

"வேண்டாம்னு சொல்லத்தாண்டா வந்தேன்" என்றார். மரியாதை போய்விட்டது. எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. கோபம் போய்விட்டது என்று அதற்கு அர்த்தம்.

"தெரியுமுங்க மாமா."

"தெரிஞ்சா சரி. கயித்த இறுக்கு. என்ன பூமாலையா கட்டற?"

ஒரு முனையிலிருந்து மறுமுனை வரைக்கும் இழுத்து இழுத்துக் கட்டினோம். என் பக்கம் ஒரு முடிச்சு அவருக்குப் பிடிக்கவில்லை. அவிழ்த்து மறுபடி கட்டச் சொன்னார். நாங்கள் இறங்கிக் கால் தரையில் பட்டதும் ஆலங்கட்டி விழ ஆரம்பித்தது. ஊர் முழுக்க அந்த வீட்டுக்குள் ஓடி வந்து நெருக்கியடித்து நின்றது. எல்லோரும் அண்ணாந்து பார்த்தோம். மாமனார் முகட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். சடசடவென்று மேலே அடித்தது. உள்ளே ஒரு சொட்டு இறங்கவில்லை. நான் அப்படியே சுவரோரம் உட்கார்ந்துவிட்டேன். இரண்டு மாசமாக நெஞ்சில் ஏற்றி வைத்திருந்த பாரம் அந்த மழையோடு இறங்கியது.

மழை விட்டதும் எல்லோரும் களி தின்றார்கள். மாமனார் இரண்டாவது உருண்டை வாங்கிக்கொண்டார். மறுநாள் காலையில் போகும்போது, வருகிறேன் என்று மட்டும் சொன்னார். எப்போது என்று சொல்லவில்லை.

6. பாவாயி

அந்த வாரத்துக்குள் திரும்பி வந்தார். பின்னால் பாவாயி, தலையில் பாத்திர மூட்டையோடு. மழையில் நனைந்த முருங்கைப் போத்தெல்லாம் துளிர் விட்டிருந்தது. காட்டுவதற்கு எனக்கு ஆயிரம் இருந்தது. மனுஷர் என்னைக் காட்ட விட்டால்தானே. அவளை நேராக வாசலுக்குக் கூட்டிப் போய்த் தடியால் மேலே காட்டினார்.

"அந்த முகடு தெரியுதா கண்ணு? அது அப்பன் கட்டுனது. அந்தப் பக்கம் மாப்ள. அவரு பக்கம் கொஞ்சம் லூசு, நாந்தான் திருத்துனேன். நல்லாப் பாத்துக்க சாமி. மனசுக்குப் புடிக்கலீன்னா சொல்லு, இப்பவே கூட்டிட்டுப் போயரறேன்."

பாவாயி அப்பாவைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "நீங்க கட்டுன கூரைய நான் வேண்டாம்னு சொன்னா ஊருல உங்களத்தானுங்கப்பா சிரிப்பாங்க" என்று சொல்லி, மூட்டையோடு உள்ளே போனாள்.

அதற்குப் பிறகு எத்தனையோ தோட்டங்களைத் தயார் செய்து கொடுத்துவிட்டேன். குறை கண்டுபிடிக்கவென்றே வருகிற முதலாளிகள் உண்டு, ஆபீசர்கள் உண்டு. அவர்களிடம் நான் வாதாடுவதில்லை. வந்ததும் ஒரு நாற்றைக் கையில் கொடுத்து, நீங்களே நடுங்கள் என்று குழியைக் காட்டிவிடுவேன். தன் கை பட்ட இடத்தை யாருக்கும் குறை சொல்ல மனம் வராது. வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்ல ஆசைப்படுவது அது ஒன்றுதான். என் மாமனார் கடைசி வரைக்கும், பங்குனி பிறந்தால் முதல் ஆளாக மலை ஏறி வந்து கயிற்றைச் சரிபார்த்துவிட்டுத்தான் தண்ணீர் குடிப்பார்.