பவானி சொன்ன பச்சை

1976, ஆகஸ்ட் மாதக் கடைசி. புதன்கிழமை மாலை.

லண்டன் விக்டோரியாவில் நாங்கள் ஏறிய புகையிரதம் லூவிஸ் நகரை நெருங்கும்போது என் மனைவி பவானி எழும்பி ஜன்னலடியில் போய் நின்றாள். ஒரு மணித்தியாலப் பயணம்தான். ஆனால் சிட்னியிலிருந்து ஒரு நாளுக்கு மேல் ஆகாயத்திலேயே இருந்து வந்த எனக்கு எழும்ப மனமில்லை.

"இஞ்சருங்கோ, இப்ப வரும். எழும்பிப் பாருங்கோ," என்றாள்.

எழும்பினேன். வந்தது. சசெக்ஸ் மாவட்டத்தின் தெற்கே கடலுக்குச் சமாந்தரமாக ஓடும் சுண்ணாம்பு மலைத்தொடர், சவுத் டவுன்ஸ் என்று பெயர். உயரமென்று சொல்ல ஒன்றுமில்லை. எங்கும் ஆயிரம் அடியைத் தாண்டாது. மரமில்லாத, உருண்டையான மலைகள். அவ்வளவும் அவள் சொன்னபடியே இருந்தது, ஒன்றைத் தவிர. மலை முழுவதும் வைக்கோல் நிறம்.

பவானி ஜன்னலைத் துடைத்துவிட்டுத் திரும்பவும் பார்த்தாள்.

விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். பவானி அறுபதுகளின் தொடக்கத்தில் இலங்கையிலிருந்து வந்து பிரைட்டன் நகரில் ஓர் ஆஸ்பத்திரியில் தாதிப் படிப்புப் படித்தவள். ஓய்வு நாட்களில் பஸ் ஏறி வந்து இந்த மலைகளில் நடப்பாளாம். பிறகு ஊருக்குத் திரும்பி என்னைக் கட்டி, 71இல் இருவரும் சிட்னிக்குப் போனோம். அங்கே நார்த்மீட் என்ற புறநகரில் வீடு வாங்கினோம். அங்கே முதல் கோடையில் பின்வளவுப் புல் கருகியபோது, "பச்சை எண்டா அந்த மலையிலை பாக்கவேணும்," என்று தொடங்கினாள். அன்றிலிருந்து அந்தப் பச்சையை நான் எத்தனை விதமாகக் கேட்டிருப்பேன் என்று சொல்ல முடியாது. காலைப் பச்சை வேறு, மழை விட்ட பின் வேறு, ஆட்டுக்குட்டிகள் மேயும் சித்திரை மாதத்துப் பச்சை வேறு.

இந்த வருடம் கதை கதையோடு நிற்கவில்லை. அவளோடு படித்த மோரீன் என்ற ஐரிஷ்காரி இப்போது அதே ஆஸ்பத்திரியில் பெரிய பொறுப்பில் இருக்கிறாள். ஒரு வார்டுக்குத் தலைமைத் தாதி வேண்டும், பவானி ஓமென்றால் இடம் அவளுக்குத்தான் என்று எழுதியிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை நாங்கள் புறப்படுமுன் பதில் சொல்ல வேண்டும். நார்த்மீட் குசினியில் வைத்துப் பவானி என்னிடம் சொன்னது இது: "முதல் போய் நடந்து பாப்பம். பிறகு சொல்லுறன். அதுவரைக்கும் நீங்கள் வாய் திறக்கக் கூடாது."

நான் நில அளவையாளன். சிட்னியின் புறநகர்களில் புதுக் காணிகளுக்கு முளை அடித்து எல்லை போடுவது என் வேலை. நாற்பத்தொரு வயதில் மூன்றாவது நாடொன்றில் போய்த் தொடக்கத்திலிருந்து தொடங்க எனக்குத் துளியும் விருப்பமில்லை. ஆனாலும் வாய் திறப்பதில்லை என்று ஒப்புக்கொண்டிருந்தேன். ஆகவே அந்த ஜன்னலில் வைக்கோல் நிறத்தைக் கண்டபோது எனக்குள் ஒரு சந்தோஷம் எட்டிப் பார்த்தது. கடவுளே என் பக்கம் நிற்கிறார் என்றுகூட நினைத்தேன்.

வியாழக்கிழமை.

லூவிஸில் காலைச் சாப்பாட்டுடன் தங்க ஆளுக்கு மூன்று பவுண். முட்டை, பொரித்த தக்காளி, பாண். ஒன்பது மணிக்கு நடக்கத் தொடங்கினோம். இன்று ஏழு மைல். கிங்ஸ்டன் கிராமத்துக்கு மேலே மலையேறி, முதுகு வழியாக நடந்து, ஊஸ் ஆற்றங்கரையில் சவுதீஸ் என்ற சின்ன ஊரில் இறங்க வேண்டும்.

முதல் அரை மணித்தியாலத்திலேயே நான் தடக்கி நின்றேன். வரைபடத்தில் புள்ளி புள்ளியாகப் போன நடைபாதை, நேரே ஒருவருடைய பண்ணை முற்றத்துக்குள் நுழைந்தது. வேலி இருந்தது. வேலியில் ஏறிக் கடக்க மரப்படி ஒன்றும் அடித்திருந்தார்கள். பவானி ஏறி அந்தப் பக்கம் குதித்துவிட்டாள். யாழ்ப்பாணத்தில் பிறந்தவன் அடுத்தவன் வேலியை அப்படிச் சும்மா தாண்டுவானா? ஒரு முழம் வேலிக்காகத் தலைமுறை தலைமுறையாக வழக்கு வைத்துக் கோட்டுக்கு நடக்கிறவர்கள் நாங்கள். நான் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "ஹலோ" என்று உரக்கக் கூப்பிட்டேன்.

"என்ன செய்யிறியள்? வாங்கோ," என்றாள் பவானி.

"கேட்டிட்டு வாறன்."

"ஆரிட்டைக் கேக்கப் போறியள்? பாதை இது."

அதற்குள் பண்ணைக்காரர் வந்துவிட்டார். அறுபது வயதிருக்கும், கையில் வாளி. வழி தெரியவில்லையா என்று கேட்டார். வழி தெரியும், உங்கள் நிலமாயிற்றே, அனுமதி கேட்கிறேன் என்றேன். அவர் வாளியைக் கீழே வைத்தார்.

"நிலம் என்னுடையது. பாதை என்னுடையதல்ல. நடவுங்கள்," என்றார்.

என் தொழிலில் இப்படியொரு எல்லைக்கோட்டை நான் வரைந்ததில்லை. ஒருவனுடைய காணிக்கு நடுவே ஊருக்கெல்லாம் சொந்தமான இரண்டடி அகலம். அதற்கு வேலியுமில்லை, வழக்குமில்லை. எங்கிருந்து வருகிறோம் என்று கேட்டார். சிட்னி என்றேன். "அப்படியானால் இந்த நிறம் உங்களுக்குப் பழக்கம்," என்றார். மாதக்கணக்காக நல்ல மழையில்லையாம். மாரிக்கென்று கட்டி வைத்த வைக்கோலை இப்போதே மாடுகளுக்குப் போடுகிறாராம். வாளியில் இருந்தது குளித்த தண்ணீர், மரக்கறிப் பாத்திக்கு.

மேலே ஏறியதும் இரண்டு பக்கமும் திறந்தன. வடக்கே மரங்களும் சின்ன வயல்களுமாகத் தாழ்நிலம், தெற்கே மங்கலாகக் கடல். நல்ல காற்று. எனக்கு உண்மையிலேயே பிடித்துவிட்டது, அதை வெளியே காட்டாமல் நடந்தேன். பவானி ஓரிடத்தில் குந்தி உள்ளங்கையால் புல்லைத் தடவினாள். அது நொறுங்கியது. தடவின கையை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தாள்.

"இது இல்லை," என்றாள்.

ஐந்து வருடமாக ஒருத்தி ஆசையாகச் சொல்லிக்கொண்டிருந்த பொருள் அவளுடைய கையிலேயே உதிர்வதைப் பார்த்து நின்றேன். நேற்று ரயில் ஜன்னலில் எட்டிப் பார்த்த சந்தோஷம் எங்கேயோ போய்விட்டது.

"மழை வரும்," என்றேன். எனக்கு விரோதமான அந்த வார்த்தையை நானே சொன்னேன்.

வெள்ளிக்கிழமை.

சவுதீஸ் பாலத்தைக் கடந்து, புகையிரதப் பாதையையும் கடந்து, நேரே ஏற்றம். இன்றும் ஏழு மைல்தான். பாதை வெள்ளை வெளேரென்ற சுண்ணாம்பு. வெயிலில் கண் கூசியது. என் புதுச் சப்பாத்து குதிக்காலைக் கடிக்கத் தொடங்கிவிட்டது. பவானி நடப்பதை நான் இதற்கு முன் பார்த்திருக்கிறேன். வீட்டுக்குப் பக்கத்துப் பாரமட்டாவில் கடைக்குப் போகும்போது, ஆஸ்பத்திரி வேலைக்கு ஓடும்போது. இது வேறு நடை. தோள் இறங்கி, கை வீசி, ஒரு பெரிய பிள்ளையைப் போல நடந்தாள். நூறு யார் முன்னே போவாள். பிறகு ஏதோ ஞாபகம் வந்தவளாக நிற்பாள். நான் நொண்டிக்கொண்டு போய்ச் சேரும்வரை வேலிப் படலையைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். எல்லாப் படலையிலும் இதே கதை. ஃபேர்ல் பீக்கன் என்ற மலையுச்சியில் பாணும் சீஸும் சாப்பிட்டோம். மத்தியானத்துக்குள் இறங்கிவிடக் கூடிய அல்ஃப்ரிஸ்டன் ஊருக்கு, என் தயவில், நாலு மணிக்குத்தான் இறங்கினோம்.

தங்கிய வீட்டு அம்மா வாசலிலேயே சட்டத்தைச் சொல்லிவிட்டார்: குளியல் தொட்டியில் ஐந்து அங்குலத் தண்ணீர்தான், இருவருக்கும் சேர்த்து. "உங்கள் வெயிலைப் பெட்டியில் போட்டுக் கொண்டு வந்துவிட்டீர்கள்," என்று என்னைக் குற்றம் சாட்டிவிட்டுத் தேநீர் ஊற்றினார். தோட்டத்துக் கதிரைகளில் இருந்து குடித்தோம். நான் குதிக்காலுக்குப் பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டே கேட்டேன்.

"பச்சை இல்லாததுதான் கவலையோ?"

"பச்சை வரும். மழை பெய்தா வந்திடும்." கோப்பையைக் கீழே வைத்தாள். "நான் தேடினது அது இல்லைப் போல கிடக்கு."

"பின்னை?"

"முந்தி இந்த மலையிலை நடக்கேக்கை நான் எங்கை நிக்கிறன் எண்டு உலகத்திலை ஒருத்தருக்கும் தெரியாது. ஆஸ்பத்திரியிலை லீவு. ஊரிலை இருக்கிறவைக்கு நான் பிரைட்டனிலை. ஒரு நாள் முழுக்க நான் ஒருத்தற்றை பிள்ளையும் இல்லை, ஒருத்தற்றை நேர்சும் இல்லை. அது என்ன சந்தோசம் எண்டு எனக்குச் சொல்லத் தெரியேல்லை."

"இப்ப நான் பின்னாலை நொண்டிக்கொண்டு வாறன்."

"நீங்கள் வந்தது பிழை எண்டு நான் சொல்லேல்லை."

சொல்லவில்லைதான். பிளாஸ்டர் ஒட்டி முடித்து, வரைபடத்தை மடித்து அவளுக்கு முன்னால் வைத்தேன். "நாளைக்கு நீர் தனிய நடவும். நான் பஸ்ஸிலை போய் ஈஸ்ட்போர்னிலை நிக்கிறன்."

"கால் ஏலாதோ?"

"கால் ஏலும்."

அவள் வரைபடத்தை எடுத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை.

எட்டு மணிக்குப் புறப்பட்டவள் திரும்பிப் பார்க்காமல் போனாள். கடலோரமாக, செவன் சிஸ்டர்ஸ் என்ற ஏழு வெள்ளை மலை முகடுகளையும் ஏறி இறங்கி, பீச்சி ஹெட் முனையைச் சுற்றி வரவேண்டும். பதினொரு மைலுக்குக் குறையாது. நான் இரண்டு பஸ் மாறி மத்தியானத்துக்கு முன்பே ஈஸ்ட்போர்ன் போய்விட்டேன். நகரத்தின் மேற்குக் கோடியில், பாதை மலையிலிருந்து இறங்கித் தெருவைத் தொடும் இடத்தில் ஒரு தேநீர்க் கடை இருந்தது. அங்கே வெளியே போட்டிருந்த கதிரையில் இருந்தேன்.

அந்தச் சில மணித்தியாலங்கள் நல்லவையல்ல. அவள் அந்தச் சந்தோஷத்தை அங்கே திரும்பக் கண்டுபிடித்தால் நார்த்மீட் முடிந்தது. வரைபடத்தை மடித்துக் கொடுத்தவன் நானே. கண்டுபிடிக்காவிட்டால் அவள் முகத்தை நான் எப்படிப் பார்ப்பது? இரண்டில் எதை விரும்புகிறேன் என்று எனக்கே தெரியாமல் மூன்று தேநீர் குடித்தேன். பத்துப் பென்ஸ் ஒரு கோப்பை.

இரண்டு மணியளவில் காற்றுத் திரும்பியது. மேற்கே கறுத்தது. முதல் துளிகள் விழுந்ததும் கடைக்காரி கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து நின்றாள். தெருவில் கார்கள் நின்றன. ஆட்கள் இறங்கி முகத்தை நிமிர்த்தி நனைந்தார்கள். மழைக்கு இப்படி வரவேற்புக் கொடுப்பார்கள் என்று இங்கிலாந்தைப் பற்றி யாரும் எனக்குச் சொன்னதில்லை. நான் மட்டும் கூரைக்குக் கீழே நின்று மலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்றரைக்கு வந்தாள். தலையிலிருந்து சப்பாத்து வரை நனைந்திருந்தாள். தேநீரை வாங்கி இரண்டு கையாலும் பிடித்தாள்.

"நல்லா நடந்தீரோ?" என்றேன்.

"ஏழு மலையும் ஏறி இறங்கினன். கால் ஒண்டும் சொல்லேல்லை." கொஞ்சம் குடித்தாள். "ஆனா ரெண்டாவது மலையிலையே, நீங்கள் சரியான பஸ் பிடிச்சியளோ எண்டு யோசினை வந்திட்டுது. நாலாவதிலை, சாப்பிட்டியளோ எண்டு. ஏழும் முடியிற பேர்லிங் காப்பிலை மழை துவங்க, குடை உங்களிட்டையோ என்னட்டையோ எண்டு பையைத் திறந்து பாத்தன்."

"என்னட்டைத்தான்."

"ஓம், பிறகு நிம்மதியா நனைஞ்சன்." கோப்பையை மேசையில் வைத்தாள். "முந்தி நடந்தவள் ஒருத்தரையும் நினைக்கேல்லை. அந்த நடை இனி இஞ்சையும் இல்லை. ஒரு இடத்திலையும் இல்லை."

அழுதாள். மறைக்கவும் இல்லை. நான் கைக்குட்டையைக் கொடுத்தேன். முகத்தைத் துடைத்துவிட்டு, "மோரீனுக்குப் போன் எடுத்திட்டு வாறன்," என்று எழும்பினாள். தெருவோரத்துச் சிவப்புப் பெட்டிக்குள் நின்று அவள் பேசியதைக் கண்ணாடிக்குள்ளால் பார்த்தேன். நீண்ட பேச்சில்லை. வெளியே வந்து தலையை இல்லையென்று அசைத்தாள். நார்த்மீட் வீடு தப்பியது. எனக்குச் சந்தோஷம் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை லண்டனுக்குத் திரும்பும் புகையிரதத்துக்கு வெளியே இன்னும் மழை. ஒரு நாள் மழைக்குப் புல் பச்சையாகுமா? மலை ஈரமான வைக்கோலாகத்தான் தெரிந்தது. "ரெண்டு கிழமை போகவேணும்," என்றாள் பவானி, ஜன்னலைப் பார்த்தபடி. மலை மறையும்வரை அவள் உட்காரவில்லை. இந்த முறை அவள் சொல்லாமலே நானும் எழும்பி நின்றேன்.

சிட்னி. ஒக்டோபர்.

இங்கே வசந்தம். நார்த்மீட் பின்வளவில் புல் முழங்காலளவுக்கு எழும்பி நிற்கிறது, நல்ல பச்சை. ஆனாலும் இது அந்தப் பச்சை இல்லை என்று நான்தான் இப்போது சொல்கிறேன். பார்த்தவள் பேசாமல் இருக்க, பார்க்காதவன் ஏங்குகிறேன். பவானி சனிக்கிழமைகளில் பாரமட்டாவில் புகையிரதம் ஏறி புளூ மவுண்டன்ஸ் மலைகளுக்குப் போகிறாள். அங்கேயும் நடைபாதைகள் உண்டு. ஆனால் யாருடைய முற்றத்துக்குள்ளாலும் போவதில்லை. வாளியோடு எவரும் வந்து நடவுங்கள் என்று சொல்வதுமில்லை. எல்லாம் அரசாங்கத்துக் காடு, யூக்கலிப்டஸ் வாசம், கிடுகிடு பள்ளம்.

சில சனிக்கிழமை சப்பாத்தைக் கட்டிக்கொண்டே, "வாறியளோ?" என்று கேட்பாள். சில சனிக்கிழமை, "போட்டு வாறன்," என்று மட்டும் சொல்வாள். எந்த ஸ்டேஷன், எத்தனை மணிக்குத் திரும்புவீர் என்று வாய்வரை வரும். கேட்பதில்லை. அந்தச் சனிக்கிழமைகளில் நான் பின்வளவில் புல் வெட்டுகிறேன். அவள் எந்த மலையில் நிற்கிறாள் என்று தெரியாமல் இருக்கப் பழகிக்கொண்டிருக்கிறேன்.