தண்ணீர் நிரப்பிப் பார்த்த படகு

படகைக் கடலுக்கு அனுப்பும் முன்னால் அதை மூழ்கடித்துப் பார்க்க வேண்டும் என்று நான் சொன்னதும், என் கணவர் சோற்றுத் தட்டைத் தள்ளிவைத்துவிட்டார்.

“ஏளா, ஒனக்குப் புத்தி பெரண்டு போச்சா? புதுசா பெயிண்ட் அடிச்சு நிக்கிற போட்ட மூழ்கடிக்கவா?”

பெயிண்ட் மட்டும்தான் புதுசு. படகு, உப்பளத்துக்குப் பின்னால் ஓர் உடைமரத்தடியில் கவிழ்ந்து கிடந்து ஓணான் குடியிருந்த பழைய ஃபைபர் படகு. எங்கள் முந்தைய படகு அதற்கு முந்தின வருஷம் கச்சான் காற்றில் கடலோடு போய்விட்டது. கையில் இருந்த காசுக்கு இதுதான் வாய்த்தது. அவரும் என் கொழுந்தனும் இதை டிராக்டரில் ஏற்றிவந்து வீட்டுக்குப் பக்கத்துக் காலி மனையில் இறக்கியபோது திரேஸ்புரத்தில் பாதிப் பேர் வந்து பார்த்தார்கள். தர்பூசணி வாங்கப்போனவர்களைப் போல ஆளாளுக்கு ஒரு தட்டுத் தட்டிவிட்டு, வாயைத் திறக்காமல் போனார்கள்.

இந்தப் படகுகளுக்கு அடியில் இரட்டைத் தளம் உண்டு. இரண்டுக்கும் நடுவில் ஃபோம் அடைத்திருப்பார்கள். உள்ளே தண்ணீர் ஏறிவிட்டாலும் படகு அடியோடு போகாமல் தாங்குவது அதுதான். கிரைண்டரால் மேல்தளத்தை அறுத்துத் திறந்தால், ஃபோம் தண்ணீரில் போட்ட இட்லியாக ஊறிக் கிடந்தது. பிழிந்தால் கறுப்புத் தண்ணீர் வந்தது. நாற்றம் தாங்காமல் கொழுந்தன் வேலிக்கு அந்தப் பக்கம் ஓடிவிட்டான்.

புது ஃபோம் எங்களுக்குக் கட்டுப்படியாகாது. காலித் தண்ணீர் பாட்டில்களின் மூடியை இறுக்கி அந்த இடத்தில் அடுக்கிவிடலாம் என்று கரையில் சொன்னார்கள். பாட்டில் சேர்க்கும் வேலை எனக்கு வந்தது. கல்யாண மண்டபங்களில் பந்தி முடிகிற நேரம் பார்த்துச் சாக்கோடு போய் நிற்பேன். அழைப்பு வந்த கல்யாணங்களிலும் பட்டுச் சேலையோடு குனிந்து பொறுக்கியிருக்கிறேன். எதிர்வீட்டுக்காரி, “மதினி, மொய் எழுதுனீயளா, பாட்டில் மட்டுந்தான் எடுத்தீயளா?” என்று கேட்டாள். சிரித்துக்கொண்டே வந்துவிட்டேன். வீட்டில் ஒவ்வொரு பாட்டிலையும் வாளித் தண்ணீரில் அமுக்கிப் பார்த்து, குமிழி வந்ததைத் தூக்கிப் போட்டேன்.

அண்ணன் தம்பி இருவரும் பாட்டில்களை அடுக்கினார்கள். பிறகு மேலே ஃபைபர் பாயை விரித்து, ரெசின் பசையில் அதை இறுகவைக்கும் ஹார்டனரைக் கலந்து தடவி மூடினார்கள். பின்பக்கம் குறுகலாக இருந்ததால் அங்கே அடுக்கவில்லை. முன்பக்கமே நிறைய இருக்கிறது, போதும் என்றார் அவர்.

எனக்கு அந்தப் ‘போதும்’ பிடிக்கவில்லை. நான் தாமிரபரணிப் பக்கத்து வயல்காட்டில் பிறந்தவள். கடலைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது, நீந்தவும் தெரியாது. ஆனால் எங்கள் ஊரில் விதைநெல்லைக்கூடத் தண்ணீரில் போட்டுப் பார்க்காமல் யாரும் விதைப்பதில்லை. மிதப்பது பதர் என்று ஒதுக்கிவிட்டு, அடியில் தங்குவதை எடுப்போம். நெல்லுக்கே அப்படியென்றால், இரண்டு ஆண்பிள்ளைகள் ஏறிப் போகிற படகை நம்பிக்கையை மட்டும் வைத்துக்கொண்டு எப்படி அனுப்புவது?

“ஞாயித்துக்கிழமை மாதா கோயில் சாமியார் வந்து போட்ட மந்திரிக்கப் போறாரு. அதுக்கு முன்னால தண்ணிக்குள்ள விட்டா ஊருல என்ன பேசுவான்?” என்றார்.

“தண்ணிக்குள்ள போன பொறவு ஊருல என்ன பேசுவான்னு எனக்குத் தெரியும்” என்றேன்.

இரண்டு நாள் பேச்சுவார்த்தை கிடையாது. மூன்றாம் நாள் காலையில் கொழுந்தன்தான், “அண்ணே, மதினி சொல்லுதத ஒருதரம் செஞ்சி பாத்துருவோம்” என்றான். அவன் குரல் சரியாக இல்லை. அன்று அதை நான் கவனிக்கவில்லை.

எஞ்சினை நனைக்க முடியாது. அதனால் பின்பக்கம் எஞ்சின் மாட்டுகிற இடத்தில் அதே கனத்துக்கு மணல் மூட்டைகளைக் கட்டினோம். கழுத்தளவு ஆழத்துக்குத் தள்ளிக்கொண்டு போய், அடியில் இருந்த அடைப்பானைப் பிடுங்கி, இருவரும் வாளியால் கடலை அள்ளி உள்ளே ஊற்றினார்கள். கரையில் வேடிக்கை பார்க்கக் கூட்டம் சேர்ந்துவிட்டது. நான் சேலையை முழங்காலுக்கு ஏற்றிச் செருகிக்கொண்டு அலை ஓரத்தில் நின்றேன். படகு மிதக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். நான் சொன்னது பொய்யாகப் போகட்டும், தெரு முழுக்க என்னைப் பார்த்துச் சிரிக்கட்டும் என்றுகூட நினைத்தேன்.

படகு முதலில் சமமாகத்தான் தாழ்ந்தது. திடீரென்று பின்பக்கம் மட்டும் விறுவிறுவென்று இறங்கித் தரையில் போய் முட்டியது. முன்பக்கம் வானத்தைப் பார்த்து நிமிர்ந்து நின்றது. நான் சேர்த்த பாட்டிலெல்லாம் அந்த ஒரு முனையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது. என் கணவர் தாவி அதைப் பிடிக்கப் பார்த்தார். பெயிண்ட் வழுவழுவென்று இருந்ததால் கை வழுக்கிக்கொண்டே போயிற்று.

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். கொழுந்தன் படகைப் பார்க்காமல் நேராகக் கரைக்கு வந்தான்.

“மதினி, பழைய போட்டும் அன்னைக்கு இப்படித்தான் நின்னுச்சு.”

“அன்னைக்குப் போட்டு கவுந்துட்டுன்னுதான ஒங்க அண்ணன் சொன்னாக?”

“கவுழல. பின்னால முங்கி மூஞ்சி மட்டும் நின்னுச்சு. புடிக்க எடமே இல்ல. காலி டீசல் கேன் ஒண்ணு மெதந்து வந்துச்சு, அதுல ரெண்டு பேரும் தொங்குனோம். பொறவு அண்ணன் கேன எங்கிட்ட தள்ளிட்டு, கைய விட்டுட்டாக. நாந்தான் முடியப் புடிச்சு இழுத்தேன். அதுக்குப் பொறவுதான் விசைப்படகுக்காரன் வந்தான்.”

“ஏலே, சும்மா கெட” என்று தண்ணீரில் நின்றபடியே கத்தினார் அவர்.

அந்தக் கதையை அவர் என்னிடம் சொன்ன விதமே வேறு. கேன் ஒன்று, ஆள் இரண்டு, தம்பி பயத்தில் மாதாவைக் கூப்பிட்ட கூத்து என்று டீக்கடையில் அபிநயம் பிடித்துக் காட்டுவார். நானும் கூட நின்று சிரித்திருக்கிறேன். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த இடத்திலேயே அவரை நாலு கேள்வி கேட்டிருப்பேன். ஊர் பார்க்கிறதே என்று பல்லைக் கடித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன். சாமியாரிடம் ஞாயிற்றுக்கிழமை வர வேண்டாம் என்று நானே போய்ச் சொன்னேன்.

மறுபடியும் கிரைண்டர், மறுபடியும் தூசி, உடம்பெல்லாம் ஃபைபர் அரிப்பு. முன்பக்கத்தில் இருந்ததில் பாதியை எடுத்துப் பின்பக்கம் கொண்டுபோனார்கள். பத்தாததற்கு இரண்டு பக்கச் சுவரோரமும் உயரத்தில் பெட்டி மாதிரி கட்டி, அதற்குள்ளும் பாட்டில் அடைத்தார்கள். அந்த நாட்களில் நாங்கள் வேலையைத் தவிர வேறெதுவும் பேசிக்கொள்ளவில்லை. தம்பிக்காக உயிரைக் கொடுக்கத் துணிந்த மனிதர் என்று ஒரு நேரம் பெருமையாக இருக்கும். என்னை நினைக்காமல் எப்படி விடலாம் என்று மறு நேரம் பற்றிக்கொண்டு வரும்.

இரண்டாவது முறை அடைப்பானைப் பிடுங்கியபோது படகு விளிம்புவரை தாழ்ந்தது, அப்படியே நின்றது. முனையும் தூக்கவில்லை, பின்பக்கமும் இறங்கவில்லை. இருவரும் உள்ளே ஏறி மார்பளவுத் தண்ணீரில் உட்கார்ந்தார்கள். கரையில் கைதட்டினார்கள்.

“வாரியாளா? ஒன்னையும் தாங்குதான்னு பாப்போம்” என்றார்.

பயமாக இருந்தது. ஆனாலும் போனேன். கொழுந்தன் இறங்கி, படகை என் இடுப்பளவு ஆழத்துக்கு இழுத்துவந்தான். அவர் கையைப் பிடித்து ஏற்றி எதிரே உட்காரவைத்தார். பிறகு கொழுந்தன் படகை மறுபடி ஆழத்துக்குத் தள்ளிவிட்டு, கொஞ்சம் தூரத்தில் நீந்திக்கொண்டிருந்தான். தண்ணீர் நிறைந்த படகுக்குள், கழுத்துக்குக் கீழே கடலோடு, நான் என் கணவரின் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். வேறெங்கும் கேட்க முடியாததை அங்கே கேட்டுவிட்டேன்.

“அன்னைக்குக் கைய விடும்போது என்ன நெனச்சீக? தம்பி பொழைக்கட்டும்னா?”

ஆமாம் என்று சொன்னால் என்ன திட்டுவது என்று பல நாளாகத் தயார் செய்து வைத்திருந்தேன்.

“இல்லளா” என்றார். “ஒண்ணுமே நெனைக்கல. கை வலிச்சுது. அம்புட்டுத்தான். விட்டா வலி நிக்கும்போல இருந்துச்சு.”

திட்டுவதற்கு ஒன்றுமில்லாமல் போயிற்று. எனக்கு அழுகை வந்தது, அழுதேன்.

மறுநாள் கடைத்தெருவுக்குப் போய்ப் பெருவிரல் தடிமனில் நைலான் கயிறு வாங்கிவந்தேன். படகின் இரு பக்கமும் வெளி விளிம்பில் சாண் இடைவெளிக்கு ஒன்றாக வளையம் போடச் சொன்னேன். பிடிக்கிற அளவு போதும் என்றான் கொழுந்தன். போதாது என்றேன். ஒவ்வொரு வளையத்திலும் என் கையை முழங்கை மடிப்புவரை நுழைத்துப் பார்த்தேன். இறுக்கமாக இருந்ததையெல்லாம் அவிழ்த்துத் திரும்பக் கட்டவைத்தேன். விரல் விட்டுப்போனாலும் கை தொங்கிக்கொண்டிருக்க வேண்டும். கடைசியில் அவரைக் கூப்பிட்டு, வரிசையாக எல்லாவற்றிலும் கையை விட்டுக் காட்டச் சொன்னேன். ஒன்றும் விடாமல் காட்டினார். அதற்குப் பிறகுதான் எஞ்சினை மாட்ட விட்டேன்.