தகட்டின் உட்பக்கம்

ரயில் எஞ்சின் பட்டறை வாசலில் எர்னா கொஸ்லிக்கின் பையை மட்டும்தான் காவல்காரன் திறந்து பார்ப்பான். அவள் போர் முடிந்ததும் கிழக்கே சைலீசியாவிலிருந்து துரத்தப்பட்டு வந்த ஜெர்மன் அகதி. செம்புக் குழாய்கள் காணாமல் போகத் தொடங்கியதும் எல்லார் கண்ணும் அவள் மேல் விழுந்தது. “அங்க எல்லாத்தையும் விட்டுட்டு வந்தவ, இங்க ஒண்ணொண்ணா சேக்குறா போல,” என்று கேண்டீனில் ஒருவன் அவள் காதுபடவே சொன்னான். அவள் உருளைக்கிழங்கு சூப்பிலிருந்து தலை நிமிரவில்லை.

போருக்கு முன் விரைவு எஞ்சின்களுக்கு, காற்று தடுக்காமலிருக்க, மூக்கு முதல் சக்கரம் வரை வழவழப்பான தகட்டுச் சட்டை போட்டிருந்தார்கள். இப்போது அது துருவேறிக் கிழிந்து, பழுது பார்க்கக் கைகூட நுழையவிடாமல் மறித்தது. கேஸ் கட்டரால் அதை வெட்டியெடுப்பதுதான் எர்னாவின் வேலை.

திருடனைத் தானே பிடித்தாலொழிய தன் பேர் துலங்காது என்று அவளுக்குப் பட்டது. ஒவ்வொருவராக நோட்டம் விட்டாள். கிழவர் லூடர்ஸ் சிக்கினார். சாப்பாட்டு நேரத்தில் மற்றவர்கள் கலைந்ததும், வெட்டிப்போட்ட தகட்டுக் குவியலுக்குப் பின்னால் ஒதுங்குவார்; யாராவது வந்தால் சட்டென்று எதையோ கோட்டுக்குள் திணிப்பார். எர்னா ஃபோர்மன் ராபெயிடம் போய்ச் சொன்னாள். அவன் ஆவலாகக் கேட்டுக்கொண்டான். அந்த ஆவல் அவளுக்குக் கொஞ்சம் உறுத்தியது.

மறுநாள் எல்லார் முன்னாலும் லூடர்ஸின் கோட்டை உதறினார்கள். விழுந்தது ஒரு கம்பி பிரஷும் கந்தலும்.

“என் பையன் இங்கதான் தகடு பூட்டுனான்,” என்றார் அவர். “உட்பக்கமா ஆணியால பேரோட முதலெழுத்து ரெண்டையும் கீறி வைப்பான். ரஷ்யாவுல தொலைஞ்சுட்டான். கரியத் தேச்சுத் தேச்சுத் தேடுறேன். உங்ககிட்ட சொன்னா சிரிப்பீங்க.”

யாரும் சிரிக்கவில்லை. எர்னாவுக்கு மண்ணுக்குள் புதைந்துவிடலாம் போலிருந்தது. அதன் பிறகு அவர் அவளோடு பேசவில்லை.

குளிர்காலத்தில் ராபெயின் தோட்டக் கொட்டகையில் செம்பு கட்டுக்கட்டாக அகப்பட்டது. எர்னாவிடம் ஒருவரும் மன்னிப்புக் கேட்கவில்லை. காவல்காரன் பையைத் திறப்பதை நிறுத்தினான், அவ்வளவுதான்.

அதற்குள் எந்தத் தகட்டை வெட்டினாலும் முதலில் புரட்டித் துடைத்துப் பார்ப்பது அவளுக்கே வழக்கமாகியிருந்தது. ஒருநாள் ஒன்றில் இரண்டெழுத்துக் கீறல் தெரிந்தது. லூடர்ஸைக் கூப்பிட்டாள். அவர் விரலால் தடவினார்.

“அவன்தான்.”

“நெசமாவா?”

“என் பையன் எழுத்து எனக்குத் தெரியாதாம்மா?”

அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. அதே முதலெழுத்துகள் உள்ளவர்கள் பட்டறையில் எத்தனையோ பேர். ஆனாலும் அந்தத் துண்டை மட்டும் வெட்டி, விளிம்பை அரத்தால் ராவி, அவர் கையில் கொடுத்தாள்.

அவர் அதைத் தன் வீட்டு அடுப்படிச் சுவரில் ஆணியடித்து மாட்டினார். ஞாயிற்றுக்கிழமை சிக்கரி காப்பிக்கு அவளையும் அழைத்தார். அவள் போய் அந்தத் தகட்டுக்கு முதுகு காட்டி உட்கார்ந்துகொண்டாள்.