ஜெபத்தில் நிற்கும் கார்

எங்கள் காருக்கு ஜெபம் பிடிக்காது என்று நான் உறுதியாக நம்பிய காலம் ஒன்று உண்டு. அப்போது எனக்குப் பத்து வயது. சித்தூரில் குடியிருந்தோம். நைனா பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். அம்மாவுக்கு வயிற்றில் பெரிய ஆபரேஷன் நடந்து, பதினைந்து நாளைக்கு ஒருமுறை வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்ட வேண்டியிருந்தது. பஸ் குலுக்கல் அம்மாவுக்கு ஆகவில்லை. அதனால் திருப்பதியில் ரிட்டயரான ஓவர்சியர் ஒருவரிடமிருந்து நைனா ஒரு வெள்ளைக் காரை வாங்கினார். வயதில் அந்தக் கார் எனக்கு அக்கா முறை ஆகும்.

எங்கள் சபையில் ஜெபிக்காமல் யாரும் பிரயாணம் கிளம்ப மாட்டார்கள். மற்றவர்கள் வீட்டுக்குள் ஜெபித்துவிட்டு வந்து ஏறுவார்கள். நைனாவோ எல்லோரையும் ஏற்றி, எஞ்சினைக் கிளப்பிவிட்டுத்தான் கண்ணை மூடுவார். ஜெபம் முடிவதற்கும் எஞ்சின் சூடாவதற்கும் சரியாக இருக்கும் என்பது கணக்கு வாத்தியாரின் கணக்கு. ஜெபமும் லேசில் முடியாது. மழையில் தொடங்கி, சபை ஆயர், நகரியில் தறி ஓட்டும் பெரியப்பா, அவர் மகனுடைய பத்தாம் வகுப்புப் பரீட்சை என்று ஊரைச் சுற்றிவிட்டுக் கடைசியில்தான் அம்மாவின் சுகத்துக்கு வருவார்.

அங்கே வந்ததும் கார் நடுங்கத் தொடங்கும். சீட்டு, கண்ணாடி, என் பற்கள் எல்லாம் கடகடவென்று ஆடும். பிறகு ஒரு விக்கல். நின்றுவிடும். நைனா ஆமென் சொல்லாமலே சாவியைத் திருப்புவார். கிளம்பிவிட்டால் வேலூர் வரை குறை சொல்ல முடியாது. ஒரு முறை நடந்தால் தற்செயல் எனலாம். நான்கு பிரயாணங்களாக அதே இடத்தில், அம்மாவுக்காக வேண்டுகிற அந்த ஒரு வாக்கியத்தில் நின்றது.

காரணம் யார் என்பது எனக்கு மட்டும் தெரியும். நான்தான். பக்கத்து வீட்டுச் சிநேகிதி திருப்பதி லட்டு கொண்டுவந்து கொடுத்தாள். பிரசாதம் வாங்கிச் சாப்பிடக் கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். அதைக் காரின் பின் சீட்டில் படுத்துக்கொண்டு முழுசாகத் தின்றிருந்தேன். ருசியாக வேறு இருந்தது. அதற்கடுத்த சனிக்கிழமையிலிருந்துதான் கார் நிற்க ஆரம்பித்தது. என்னால் அம்மாவுக்கான ஜெபம் மேலே போகவில்லை, என்னால் அம்மா சாகப்போகிறாள். இதை நெஞ்சில் வைத்துக்கொண்டு எப்படிச் சோறு இறங்கும்? அம்மாவோ என் வயிற்றில் பூச்சி என்று வேப்பங்கொழுந்தை அரைத்துக் கொடுத்தாள்.

நைனா மெக்கானிக்குகளிடம் காட்டாமல் இல்லை. ஆனால் கார் எப்போது நிற்கிறது என்பதை மட்டும் சொல்ல மாட்டார். பட்டறை வாசலில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டித் தொங்கும். அங்கே போய், என் கார் ஜெபத்தில் நின்றுபோகிறது என்று எந்தக் கிறிஸ்தவன் சொல்லுவான்? "அப்புடப்புடு நின்னுடுது" என்று, அவ்வப்போது நிற்கிறது என மட்டும், பாதித் தெலுங்கிலும் பாதித் தமிழிலும் மென்று விழுங்குவார். அவர்கள் ஆக்சிலேட்டரை நன்றாக மிதித்துப் பார்த்து, "ஏமீ லேது சார், பண்டி பாகுந்தி" என்று, வண்டிக்கு ஒன்றுமில்லை என நற்சான்று கொடுத்து அனுப்புவார்கள்.

இப்படியிருக்கும்போதுதான் ஐந்தாவது பிரயாணத்துக்குத் துணையாக அத்தை வந்தாள். நைனாவின் தங்கை, திருப்பதியில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். வழக்கம்போல ஜெபம் அம்மாவிடம் வந்தது, வண்டி விக்கி நின்றது. அத்தை கண்ணைத் திறந்து, "இது எத்தினி நாளா இப்படி? எப்பெப்ப நிக்குது?" என்று நோயாளியைக் கேட்பதுபோல் கேட்டாள். எப்போதாவது என்றார் நைனா.

எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. "இல்ல அத்தே, அம்மாவுக்கு ஜெபம் பண்றப்பதான் நிக்குது. நைனா அந்தக் குமிழ உள்ள தள்ளிக்கினே பண்ணுவாரு, உடனே நின்னுடும்" என்று கத்திவிட்டேன். ஜெபத்தில் நான் கண்ணைத் திறந்து வைத்திருக்கிற குற்றமும் சேர்ந்து வெளியே வந்துவிட்டது.

நைனா திடுக்கிட்டுத் தன் கையைப் பார்த்தார். விரல் இன்னும் சோக்கின் மேல் இருந்தது. குளிர்ந்த எஞ்சினுக்குப் பெட்ரோலைக் கூட்டிக் கொடுக்கிற குமிழ் அது. அம்மாவின் பெயர் வரும்போது அவர் குரல் தானாகத் தாழ்ந்துவிடும். அந்த நேரத்தில் எஞ்சின் இரைச்சல் வேண்டாம் என்று, தன்னை அறியாமல் அதைத் தள்ளிக்கொண்டிருந்திருக்கிறார்.

"சோக்கு இருந்தா ஓடுது, தள்ளினா நிக்குதா? அப்ப எங்கியோ காத்து ஏறுதுண்ணா" என்றாள் அத்தை. வேண்டாத காற்று கலந்தால் பெட்ரோல் நீர்த்துப்போகுமாம். ஊர் ஊராக மருத்துவ முகாமுக்குப் போகும் அவள் ஆஸ்பத்திரி ஜீப்புக்கும் இதே வியாதி வந்திருக்கிறது. மெக்கானிக்குகள் ஆக்சிலேட்டரை மிதித்தபோது அது தெரியாமல் மறைந்துகொண்டது.

சோக்கைப் பாதி இழுத்து எஞ்சினை ஓட விடச் சொன்னாள். பானெட்டைத் திறந்தாள். செடிக்குத் தண்ணீர் விடும் ரப்பர் குழாயில் ஒரு முழம் வெட்டி, ஒரு முனையைக் காதில் வைத்துக்கொண்டு மறு முனையை எஞ்சின் மேல் மெல்ல நகர்த்தினாள். புடவை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, மூச்சைக்கூட அடக்கிக் கேட்டாள். ஓரிடத்தில் கை நின்றது. என்னைக் கூப்பிட்டுக் குழாயை என் காதில் வைத்தாள். அத்தனை இரைச்சலுக்கு நடுவில் 'ஸ்ஸ்ஸ்' என்று மெல்லிய சீறல் கேட்டது.

விரல் பருமன்கூட இல்லாத ஒரு கறுப்புக் குழாய், முனையில் வெடித்திருந்தது. அத்தை அதன் மேல் கட்டைவிரலை வைத்து அழுத்தினாள். அவ்வளவுதான். நடுக்கம் நின்று எஞ்சின் சீராக ஓடியது. விரலை எடுத்தாள், மறுபடி உதறியது. வைத்தாள், அடங்கியது. கை வைத்துச் சுகமாக்குவதை ஞாயிறு பள்ளியில் கேட்டிருக்கிறேன். கண்ணால் பார்த்தது அன்றுதான். எஞ்சினை நிறுத்தி, வெடித்த முனையைக் கத்தரித்து எறிந்து, மிச்சத்தை இழுத்து இறுக்கமாக மாட்டினாள். கையைத் துடைத்துக்கொண்டு, "இப்ப ஜெபம் பண்ணுண்ணா. முழுசா பண்ணு" என்றாள்.

சோக்கை உள்ளே தள்ளியபடியே நைனா தொடங்கினார். அன்று மழையும் பெரியப்பாவும் வரவில்லை. நேராக அம்மாவிடம் வந்தார். அந்த வாக்கியம் வந்தது, முடிந்தது. எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. ஆனால் நைனாவின் குரல் நின்றுவிட்டது. அவர் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். அம்மா அவர் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். கடைசியில் அம்மாதான் ஆமென் சொன்னாள்.

ஒரு குழாய் சரியானதற்கா இவ்வளவு அழுகை என்று எனக்கு வெட்கமாக இருந்தது. தெருவில் யாராவது பார்க்கிறார்களா என்று கண்ணாடி வழியாகப் பார்த்தேன். அம்மா தேறி எழுந்து பல வருடங்களுக்குப் பிறகு, என் மகளுக்குக் காய்ச்சல் கண்ட ஓர் இரவில்தான் அந்த அழுகை எனக்கு விளங்கியது. அந்த இரண்டு மாதமும் நைனாவும் தாம் செய்த ஏதோ ஒன்றை நினைத்து, தம்மால்தான் அம்மா சாகப்போகிறாள் என்று நம்பிக்கொண்டு, முன் சீட்டில் தனியாக உட்கார்ந்திருந்திருக்கிறார்.