உறையாத கடல்

ஹேவ்லாக் ஜெட்டியில் கப்பலைக் கட்டிய கயிறு இன்னும் அவிழவில்லை. மாலுமிகள் அந்தக் கயிற்றின் மேலேயே உட்கார்ந்திருக்கிறார்கள். போர்ட் பிளேர் போகவேண்டிய நாங்கள் மூட்டைகளோடு வெயிலில் காய்கிறோம். கடல் மட்டும் பச்சையாகப் புரண்டுகொண்டே இருக்கிறது.

"முதலாளியோட சண்டையா?" என்று கேட்கிறேன்.

"அவரப் போன ஸ்ட்ரைக்லயே ஜெயிச்சாச்சு சார்," என்கிறான் செல்வம். மாலுமிகளில் ஒருவன், தெற்கு அந்தமானின் பெரார்கஞ்ச்காரன். "இது நாங்களே தோள்ல தூக்கிவெச்ச யூனியன் நேதாவோட. தலைவரானதுலேர்ந்து எலெக்‌ஷனே வைக்கல. கேட்டா, வேலைய விட்டுத் தூக்கிடுவேங்கறான்."

ரஷ்யாவிலும் இப்படி நடந்தது என்கிறேன். புரட்சியின் முன்னணியில் நின்ற க்ரான்ஸ்டாட் தீவு மாலுமிகளே, தேர்தல் கேட்டு, புரட்சி அரசையும் அதன் தலைவரையும் எதிர்த்து எழுந்தார்கள். அப்போது கடல் உறைந்து கிடந்தது. படை பனிக்கட்டி மேல் நடந்தே வந்து அவர்களை நசுக்கியது.

செல்வம் கடலை ஒரு தடவை பார்க்கிறான். பிறகு சிரிக்கிறான்.

"இங்க உறையாது சார். எங்கள மிரட்டணும்னாலும் அவன் கப்பல்லதான் வரணும். எந்தக் கப்பலா இருந்தாலும் ஓட்டுறது யாரு? ஹம் லோக். நாங்கதான்."

சொல்லிவிட்டு, கயிற்றில் கொஞ்சம் நகர்ந்து எனக்கும் இடம் விடுகிறான்.