ஜப்பான் பள்ளியில் ஒரே ஓர் இடம்

ஜப்பான்காரன் மலாயாவைப் பிடித்திருந்த காலத்தில் சுங்கைப்பட்டாணியில் ஜப்பானிய மொழிப் பள்ளி திறந்தார்கள். எங்கள் ரப்பர் தோட்டத்துக்கு ஒரே ஓர் இடம். அதில் சேர்ந்தவனை, போனவர்களில் பலர் திரும்பாத சயாம் ரயில் பாதை வேலைக்குப் பிடிக்கமாட்டார்கள் என்பதால், பக்கத்து வீட்டு நண்பனும் நானும் தேர்வுக்குப் போனோம். எனக்குத் தெரிந்த ஜப்பானிய எழுத்தெல்லாம் அவன் சொல்லிக்கொடுத்தவைதான்.

அவன் எல்லா எழுத்தையும் பிழையில்லாமல் எழுதினான். நான் பத்தைத் தாண்டவில்லை. அதிலும் நாலு தப்பு. கடைசியாக அதிகாரி எங்களை வணங்கச் சொன்னார். அவன் முறைப்படி இடுப்பை வளைத்தான். எனக்கோ பயத்தில் மாரியம்மன் கோயில் பழக்கம் முந்திக்கொண்டது. அவர் பூட்ஸ் காலடியில் மூக்கு தரையில் இடிக்க நெடுஞ்சாண்கிடையாக விழுந்துவிட்டேன். அதிகாரி வயிறு குலுங்கச் சிரித்துவிட்டு என் தாளில் முத்திரை குத்தினார். வாழ்க்கையில் நான் முதலாவதாக வந்தது அந்த ஒருமுறைதான், அதுவும் மூக்கால்.

அடுத்த வாரம் அவனைச் சயாமுக்கு லோரியில் ஏற்றினார்கள். மேலே நின்றபடி என்னைக் கூப்பிட்டான்.

"டேய், விழுந்தே பாஸாயிட்டியே! அங்க தினமும் விழ முடியாதுலா. அந்த நாலு எழுத்தையும் திருத்திக்க. இல்லேன்னா உன்னையும் ஏத்திருவான்."

திருத்திக்கொண்டேன். போர் முடிந்து சயாமிலிருந்து திரும்பியவர்களிடமெல்லாம் அவனைப் பற்றிக் கேட்டேன். ஒருவருக்கும் தெரியவில்லை. அவனுடைய அம்மா மட்டும் என்னிடம் எதுவுமே கேட்கவில்லை.