சம்பத்தின் இடது காது

கிளாம்பாக்கத்திலிருந்து காலை எட்டு மணிக்குப் புறப்பட்ட திருவண்ணாமலைப் பேருந்தில் எனக்கு ஜன்னலோர இருக்கை கிடைத்தது அதிர்ஷ்டம்தான். அன்று பௌர்ணமி, அதிலும் சனிக்கிழமை. மலை சுற்றப் போகிறவர்கள் படிக்கட்டு வரை நின்றிருந்தார்கள். டிக்கெட் நூற்று எழுபது ரூபாய். செங்கல்பட்டு தாண்டுவதற்குள் சம்பத்தின் எண்ணுக்குப் பலமுறை அடித்துவிட்டேன். மணி போய்க்கொண்டே இருந்தது. அவன் எடுக்கவில்லை.

முந்தின நாள் மாலை அவன் மனைவி மஞ்சுளா என்னைக் கூப்பிட்டிருந்தாள். “வனஜாக்கா, மூணு நாளா இவருக்கு எடது காது சுத்தமா கேக்கல. சளி அடச்சிக்கிச்சின்னு சொல்லிட்டு மாத்திர போட்டுக்குனு உக்காந்துனு இருக்காரு. டாக்டர்கிட்ட வாய்யான்னா வர மாட்டேன்றாரு. நீங்க வந்து சொன்னா கேப்பாரு.”

எங்கள் அடுக்ககத்தில் காது மருத்துவர் ஒருவர் இருக்கிறார். உடனே கீழே இறங்கிப் போய்க் கேட்டேன். “திடீர்னு ஒரு காது போச்சுன்னா சளின்னு விட்டுடக் கூடாதும்மா. சீக்கிரம் மருந்து ஆரம்பிச்சா திரும்பி வர வாய்ப்பு இருக்கு. நாள் தள்ளத் தள்ள அது குறையும்” என்றார். இரவெல்லாம் எனக்கு அந்தக் கடைசி வாக்கியம்தான்.

சம்பத் யார் என்று நான் சொன்னால்தான் தெரியும். ‘காளவாய்’ என்ற எங்கள் ராக் குழுவில் அவன் கிட்டார், நான் பேஸ் கிட்டார். தமிழில் ராக் பாடினால் கல்லூரி விழாக்களில் சிரித்த காலம் அது. அவன் வாசிக்கத் தொடங்கியதும் சிரிப்பு அடங்கிவிடும். ஒரே ஒரு ஆல்பம் போட்டோம், விற்கவில்லை. குழு கலைந்தபின் நான் காப்பீட்டு அலுவலகத்துக்குப் போனேன். அவன் ஒலிப்பதிவுக் கூடங்களில் வாசித்தான். நீங்கள் டீக்கடையில் நின்று தலையாட்டிய எத்தனையோ பாட்டுகளில் கிட்டார் அவனுடையது. சிடி உறையில் பெயர் இருக்காது. அவன் வாசித்த பகுதியை மேடையில் வேறொருவர் வாசித்துக் கைதட்டல் வாங்கியதை ஒருமுறை பார்த்துவிட்டு வந்து கொதித்தேன். “நல்லா வாசிச்சானா?” என்று மட்டும் கேட்டான்.

திண்டிவனமும் செஞ்சிப் பாறைகளும் பின்னால் போயின. பக்கத்தில் இருந்த அம்மாள் என் கையைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

“போனையே பாத்துக்குனு வரீங்களே, யாருக்கு இன்னாம்மா?”

“ஃபிரண்டுக்கு உடம்பு சரியில்லைங்க. காது கேக்கல. போன் எடுக்கவே மாட்டேங்கறான்.”

“காது கேக்காதவருக்கு போன் அடிச்சா எப்படிம்மா எடுப்பாரு?”

ஒரு காது கேட்கிறது என்று விளக்கப் போனேன். அப்புறம், இப்போது அந்த இன்னொரு காதும் போயிருந்தால் என்ற எண்ணம் வந்தது. மறுபடி அவன் எண்ணை அழுத்தினேன்.

அந்த அம்மாள் கீழ்பென்னாத்தூரில் இறங்கினார். அதுதான் சம்பத் பிறந்த ஊர். அவன் அப்பா அங்கே மல்லாட்டை பயிரிட்டார். வேர்க்கடலைக்கு அந்தப் பக்கத்துப் பெயர். ஒரு திருவிழாவுக்குக் காளவாயை அழைத்து வாசிக்க வைத்தவரும் அவர்தான். முடிந்ததும் மகனிடம், “சத்தம் ஜாஸ்தி. ஆனா பிசிறு இல்ல” என்றார். எங்களுக்கு வந்த விமர்சனங்களிலேயே சம்பத் திரும்பத் திரும்பச் சொல்லி மகிழ்ந்தது அதைத்தான்.

பேருந்து ஊருக்குள் போகவில்லை. பௌர்ணமிக்காகத் திண்டிவனம் சாலையில் போட்டிருந்த தற்காலிக நிலையத்தில் மதியம் ஒரு மணிக்கு இறக்கிவிட்டார்கள். சம்பத்தின் வீடு அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையை ஒட்டி. கோயிலிலிருந்து மலையின் மறுபக்கம்.

“பாதைக்குள்ள வண்டிய வுட மாட்டாங்கக்கா. வேங்கிக்கால் வழியா வெளியில சுத்தி, போலீஸ் மறிக்கற எடம் வரிக்கும் வுடறேன். முந்நூறு குடுங்க” என்றார் ஆட்டோக்காரர்.

ஏறினேன். வேங்கிக்காலில் ஆட்சியர் அலுவலகம் தாண்டியதும் ஒரு மாடியில் ‘காது மூக்கு தொண்டை’ என்ற பலகை கண்ணில் பட்டது. ஆட்டோவை நிறுத்தச் சொல்லி மேலே ஓடினேன். “மேடம் ஆறு மணிக்குக் கெளம்பிடுவாங்க. நாளைக்கு லீவு” என்றாள் வரவேற்பில் இருந்த பெண். டோக்கன் வாங்கிக்கொண்டேன்.

தடுப்பில் இறங்கி மீதித் தூரத்தை நடந்தேன். வெயில் சாயும் முன்பே பாதையில் அவ்வளவு கூட்டம். வீட்டின் கீழ்த்தளத்தில் மஞ்சுளா நடத்தும் கடையில் இளநீரும் மோரும் விற்றுத் தீர்ந்துகொண்டிருந்தன. என்னைப் பார்த்ததும் கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கையைப் பிடித்துக்கொண்டாள். “மேல இருக்காரு. போன தலகாணிக்கு அடியில வெச்சிருக்காரு. திங்கக்கெழம ரெக்கார்டிங்காம். அதுக்குப் போயே தீருவாராம்.”

மாடி அறையில் சம்பத் கதவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து வாசித்துக்கொண்டிருந்தான். இரண்டு முறை கூப்பிட்டேன். திரும்பவில்லை. தோளைத் தொட்டதும் துள்ளி எழுந்துவிட்டான்.

“வனஜா! நீ எங்க இங்க?” அறையே அதிரும்படி கத்தினான். தான் கத்துவது அவனுக்குத் தெரியவில்லை.

அவனுடைய வலப்பக்கம் போய் உட்கார்ந்து மருத்துவர் சொன்னதை எல்லாம் சொன்னேன். அவன் என் வாயையே பார்த்தான்.

“செவ்வாக்கெழம போறேன். இந்த ரெக்கார்டிங் முடியட்டும்.”

“நாள் தள்ளக் கூடாதுடா.”

“மியூசிக் டைரக்டரே போன் பண்ணாரு, வனஜா. நீங்கதான் வாசிக்கணும்னு சொன்னாரு. முதல்ல உங்க பேர முடிவு பண்ணிட்டு அப்புறந்தான் பாட்டே போட்டேன்னு சொன்னாரு. எனக்கு நாப்பத்தெட்டு வயசு ஆச்சு, இப்பதான் ஒருத்தன் பேர் சொல்லிக் கூப்புடறான். காது போச்சுன்னு சொல்லச் சொல்றியா?”

அவன் கிட்டாரை எடுத்து, நாங்கள் ஆல்பத்தில் கடைசியாகப் பதிவு செய்த பாட்டின் தொடக்கத்தை வாசித்தான். விரல்கள் பழையபடியே ஓடின. ஆனால் மேல் ஸ்தாயிக்குப் போனதும் ஏதோ இடறியது. முதல் தந்தி சுதி ஏறியிருந்தது. ட்யூனர் கருவி எதுவும் வைத்துக்கொள்ளாமல் காதால் மட்டுமே சுதி சேர்ப்பவன். அவன் சுதி விலகி நான் கேட்டதே இல்லை.

வாசித்து முடித்துவிட்டு, “எப்படி?” என்றான்.

நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. “முதல் தந்தி ஏறியிருக்கு” என்றேன்.

“இன்னா?”

“ஏறியிருக்கு சம்பத். நல்லாவே ஏறியிருக்கு.”

அவன் அந்தத் தந்தியை மட்டும் தட்டினான். தலையைச் சாய்த்துக் கேட்டான். மறுபடி தட்டினான். பிறகு உள்ளங்கையால் தந்திகளை மூடிக்கொண்டான்.

“எல்லாம் ரெண்டு ரெண்டா கேக்குது, வனஜா. பேச்சு கேக்காத எடது காதுக்குள்ள ஒருத்தன் தப்பா வாசிச்சிக்குனே இருக்கற மாதிரி. எது நெசம்னு தெரியல.” இந்த முறை அவன் குரல் தாழ்ந்திருந்தது. “எனக்கு பயமா இருக்குது.”

கிளம்பும்போது மணி நாலரையைத் தாண்டிவிட்டது. மஞ்சுளா கடையைப் பக்கத்துக் கடைக்காரரிடம் ஒப்படைத்துவிட்டு வந்தாள். அதற்குள் தடுப்புகளை இன்னும் தள்ளிப் போட்டிருந்தார்கள், வண்டிக்கு வழியில்லை. கூட்டம் போகும் திசையிலேயே குபேர லிங்கம் தாண்டிப் போய் வேங்கிக்காலுக்குத் திரும்ப வேண்டும். ஐந்து கிலோமீட்டருக்குக் குறையாது.

மற்றவர்கள் கும்பிட்டபடி நடந்தார்கள். நாங்கள் இடித்துக்கொண்டு நடந்தோம். ஒலிபெருக்கிகள், மணிகள், காணாமல் போனவர்களைக் கூப்பிடும் அறிவிப்புகள். எந்தச் சத்தம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று சம்பத்துக்குப் புரியவில்லை. இடப்பக்கம் நெருங்கிய தண்ணீர் வண்டியை அவன் கவனிக்கவே இல்லை. மஞ்சுளா சட்டையைப் பிடித்து இழுத்தாள். அதன்பின் அவள் அவனுடைய இடப்பக்கத்தை விட்டு விலகவில்லை. லிங்கம் வந்த இடங்களிலெல்லாம் ஒரு கையால் கன்னத்தில் போட்டுக்கொண்டாள், மறு கை அவன் முழங்கையில். நான் டோக்கனில் இருந்த மருத்துவமனை எண்ணுக்கு அடித்தேன். யாரும் எடுக்கவில்லை.

வேங்கிக்கால் படிக்கட்டில் ஏறியபோது ஆறேகால். வரவேற்பு மேசையில் யாரும் இல்லை. மஞ்சுளா அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். உள்ளே விளக்கு எரிந்தது. கதவைத் தள்ளினேன். மருத்துவர் கைப்பையுடன் நின்றிருந்தார். “ரோடு மறிச்சுட்டாங்களாம், என் காரு வரல. உள்ள வாங்க” என்றார்.

அதிரும் இசைக்கவையை அவன் நெற்றியில் வைத்து, “எந்தப் பக்கம் கேக்குது?” என்று கேட்டார். அவன் வலப்பக்கத்தைக் காட்டினான். சத்தம் புகாத சிறு அறைக்குள் உட்காரவைத்து வேறு சோதனைகளும் செய்தார். “உள்காதுலதான் கோளாறு. மாத்திரை இன்னிக்கே ஆரம்பிக்கணும். தேவைப்பட்டா காதுக்குள்ள ஊசி. காது எவ்வளவு திரும்பி வரும்னு என்னால சொல்ல முடியாது. ஹெட்போன் தொடவே கூடாது.”

“திங்கக்கெழம ஒருநாள் மட்டும் மேடம்?” என்றான் சம்பத்.

அவர் தலையசைத்து மறுத்தார்.

வெளியே வந்து அவனே இசையமைப்பாளரை அழைத்தான். போனை வலக்காதில் அழுத்தி வைத்துக்கொண்டு, தெருவே திரும்பிப் பார்க்கும்படி சொன்னான்: “சார், எனக்கு எடது காது கேக்கல. வர முடியாது சார். வேற ஆளப் பாத்துக்கங்க.” எதிர்முனை ஏதோ சொன்னது. “சரிங்க சார்” என்று வைத்தான். அவர் என்ன சொன்னார் என்று நாங்கள் கேட்கவில்லை. மருந்துக்கடையில் வாங்கிய முதல் வேளை மாத்திரையை அங்கேயே நின்று விழுங்கினான்.

மறுநாள் காலை நான் ஊர் திரும்பினேன். சென்னையில் எங்கள் வீடு பிரதான சாலையைப் பார்த்தது. ஜன்னலை எப்போதும் சாத்தியே வைத்திருப்போம். அந்த வாரம் திறந்து வைத்திருந்தேன். லாரி ஹாரனைக்கூடத் தனித்தனியாகக் கேட்டுக்கொண்டு, கைப்பேசியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்தப் பதிவில் வேறொருவர் வாசித்துவிட்டார் என்று தெரிந்தவர் ஒருவர் சொன்னார். நான் அதைச் சம்பத்திடம் சொல்லவில்லை.

சில நாள் கழித்து மஞ்சுளா அழைத்தாள். எடுத்ததும் அழுதாள். ஜன்னலைச் சாத்திவிட்டுக் கேட்டேன்.

“அக்கா, எதுத்த கடைக்காரரு ஸ்பீக்கர் போட்டாரு. இவரு எடது காதப் பொத்திக்குனு கீழ எறங்கி வந்து, சத்தத்த கம்மி பண்ணச் சொல்லுடின்னு என்கிட்ட சண்ட போடறாரு. முழுசா திரும்பலக்கா, கொஞ்சம்தான் கேக்குது. டாக்டரம்மா இன்னும் பாக்கணும்னாங்க.”

“கடைக்காரர்கிட்ட நீ போய்ச் சொன்னியா?” என்று கேட்டேன்.

“சொல்லலக்கா” என்றாள். “இன்னும் ரெண்டு தடவ சண்ட போடட்டும்னு பேசாம இருந்துட்டேன்.”